தோசைத் திருப்பி

அதைக் கொஞ்சம் நிமித்திப் பிடிங்க தம்பி, என் வேட்டியில ஒட்டிக்கப் போகுது. பசை இன்னும் காயல போலிருக்குதே. என்னது அது, போட்டோ மாட்டற சட்டமா? ஐஸ் குச்சியிலயா? நீங்களே செஞ்சதா? சம்சாரத்துக்கா? சரி சரி. கல்யாண நாளுன்னு சொல்லுங்க.

தப்பா நெனைக்காதீங்க. ஒசூர் போற வரைக்கும் நாம பக்கத்துப் பக்கத்து சீட்டு. மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு வாயை மூடிட்டு உக்கார எனக்குத் தெரியாது. பேரு நாச்சிமுத்து, ஊரு கரூரு. முன்சீப் கோர்ட்டுல பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவன். அடுத்தவங்க பொய்யையே கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போனவன். அதனால நேராவே கேக்கறேன். நல்ல வேலையில இருக்கற ஆளாட்டத் தெரியறீங்க, சட்டையில மடிப்புக் கலையல, பொண்டாட்டிக்குப் போய் ஐஸ் குச்சியா? கடையில போய் நின்னு, நல்லதா ஒண்ணு குடுப்பான்னா குடுத்துட்டுப் போறான். இதை உக்காந்து ஒட்டறதுக்கு எத்தனை ஐஸ் தின்னீங்களோ.

சிரிக்கிறீங்க. எம் பையனும் இப்படித்தான் சிரிப்பான். அவன் பேரு ஜெகதீசன். எது சொன்னாலும் ஒரு சிரிப்பு, அப்புறம் அவன் நெனைச்சதையேதான் செய்வான். இப்ப ஒசூர்ல ஒரு கம்பெனியில இருக்கறான். அங்கதான் போயிட்டிருக்கேன். அவனைப் பாக்க இல்லீங்க. அவங்கம்மா அங்க போய் உக்காந்துட்டா. அவளைக் கூட்டிட்டு வரணும்.

இந்தக் கூத்தையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சது அவன்தான். ஒசூர் போறதுக்கு முன்னாடி அவனுக்குக் கரூர்லயே பஸ் பாடி கட்டற பட்டறையில வேலை. கல்யாணமாகி ரெண்டு வருசம் எங்ககூடத்தான் இருந்தாங்க. பட்டறைன்னா தகடு, கம்பி, ரெக்சின்னு வெட்டி மிஞ்சினது மூலைக்கு மூலை கெடக்கும். முதலாளியைக் கேட்டுட்டு அதைப் பொறுக்கிட்டு வருவான். வந்து மாட்டுக் கொட்டகைக்குள்ள டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருப்பான். எதுக்குடான்னா, யமுனாவுக்குப்பா. யமுனாங்கறது என் மருமக. எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலை. ஸ்கூட்டர்ல போவா, ஹெல்மெட் போட்டா தலையில வெச்ச பூவு நசுங்குதாம். பூவு நசுங்கினா என்னங்க, குடி முழுகிப் போயிருமா? இவன் தகடுல ஒரு டப்பா பண்ணி, உள்ள ஈரத்துணி வெச்சு, ஸ்கூட்டர்ல மாட்டிக் குடுத்தான். ஆபீஸ் போய் இறங்கி, பூவை எடுத்து வெச்சுக்கலாமாம். அதுக்கு அவ என்னமோ தங்கக் காசு மாலை போட்ட மாதிரி பூரிச்சுப் போனா.

அடுத்த வருசம் கல்யாண நாளுக்கு என்ன தெரியுங்களா? கொடிக்கயிறு. அவ குள்ளம், துணி காயப் போட எக்கி எக்கி நிக்கறாளாம். கயித்தை ஒரு முழம் இறக்கிக் கட்டி, அதுல ஒரு ரிப்பனைச் சுத்தி வெச்சிருக்கான். பரிசாம். நான் காலைல பல்லு வெளக்கப் போனவன் கழுத்துல அந்தக் கயிறு வந்து அறைஞ்சுது. இதைக் கழட்டி மேல கட்டுடான்னேன். அதுக்குள்ள என் சம்சாரம் ரத்தினமும் அதுலயே துணியைக் காயப் போட ஆரம்பிச்சுட்டா. நாகரத்தினம்னு பேரு, நான் ரத்தினம்னுதான் கூப்பிடுவேன். அவளும் குள்ளம்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சு அவ ஒருநாளும் எக்கினதில்ல. எக்கியிருந்தா சொல்லியிருப்பா இல்லீங்களா?

நான் ஒண்ணும் கருமி கெடையாது, அதையும் சொல்லிப்போடறேன். அவளுக்கு நானும் வாங்கிக் குடுத்திருக்கேன். தீபாவளிக்குச் சீலை, நானே போய் நானே எடுத்துட்டு வருவேன், அவளை அலைய விட்டதில்ல. எனக்கு ப்ரொமோஷன் வந்தப்ப வாட்ச் வாங்கிக் குடுத்தேன். தங்க முலாம் பூசினது, சின்ன டயலு, நகைக்கடை டப்பா மாதிரி டப்பா. குடுத்தா, அதை எடுத்துச் சோத்தாங்கையில கட்டறா. பட்டிக்காட்டுத்தனம். வாட்சை யாராவது வலது கையில கட்டுவாங்களா? நானே கழட்டி இடது கையில மாட்டி விட்டேன். ரெண்டு நாள் கட்டினா. அப்புறம் வேலைக்குத் தோதா இல்லீங்கன்னு பீரோவுல வெச்சவதான், இன்னும் அங்கதான் கெடக்குது. நல்ல பொருளோட அருமை தெரியணுமில்ல. தகரத்தைத் தட்டிக் குடுத்தா மட்டும் எல்லாத்துக்கும் பல்லு தெரியுது.

தொப்பூர் கணவாய் வந்துருச்சு, வண்டி வளைஞ்சு ஏறும், பிடிச்சுக்குங்க. சட்டத்தை மடியில வெச்சுக்குங்க, விழுந்துறப் போகுது. விழுந்தாலும் ஒண்ணும் நட்டமில்ல, அது வேற.

இப்ப நம்ம விசயத்துக்கு வர்றேன். யமுனா இருக்காளே, அவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். எழுதறது, வெட்டறது, பரிமாறறது எல்லாம் அந்தக் கைதான். பொண்ணு பாக்கப் போனப்ப இது யார் கண்ணுலயும் படல. பட்டிருந்தா நான் எந்திரிச்சு வந்திருப்பேன். நம்ம வீட்டுக்கு வந்து முதல் மாசம், என் இலையில பீச்சாங்கையால ரசம் ஊத்தறா. நான் கையை உதறிட்டு எந்திரிச்சுட்டேன். பையன்கிட்ட சொன்னேன், கண்டிச்சு வெய்யுடான்னு. அவன் அதே சிரிப்பு. அவ கை அதுதான்பா, நான் என்ன பண்ணட்டும்கறான்.

என்ன பண்ணட்டுமாம். நான் பண்ணலியா? ரத்தினமும் கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு தடவை மறந்தாப்புல செஞ்சிருக்கா. எங்க பெரியப்பா விருந்துக்கு வந்திருக்கார், பந்தியில அவருக்குப் பீச்சாங்கையால சாம்பாரு. எங்கம்மா கரண்டியாலயே மணிக்கட்டுல ஒண்ணு வெச்சாங்க. நான் எல்லாரு முன்னாடியும் சொன்னேன், இனிமே அந்தக் கையால இந்த வீட்டுல ஒரு பருக்கை விழுந்தாலும் நீ உங்கப்பன் வீட்டுக்குப் போயிக்கலாம்னு. ஒரே சொல்லு. அதோட சரி. முப்பத்தெட்டு வருசம், ஒருநாள் கூட அந்தக் கை நீளல. பொம்பளைன்னா அப்படி இருக்கணும். சொன்னாப் புரிஞ்சுக்கணும்.

இவனுக்கு அந்தத் துப்பு இல்ல. அவ பொறந்த நாளுக்கு என்ன செஞ்சு குடுத்தான் தெரியுமா? தோசைத் திருப்பி. எவர்சில்வர் தகடு, பட்டறையில வெட்டி, நாள் கணக்கா உக்காந்து தேச்சு, வேப்பங்கட்டையில பிடி போட்டு. வேலை சுத்தம்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா முனையைப் பாத்தா தலைகீழா இருக்குது. கடையில விக்கற திருப்பி ஒரு பக்கம் சாஞ்சு வெட்டியிருக்கும் பாருங்க, தோசைக்கு அடியில வாட்டமா நுழையறதுக்கு. இவன் அதை அப்படியே அந்தப் பக்கம் சாச்சு வெட்டியிருக்கான். என்னடா இது, தப்பா வெட்டிப்போட்டியேன்னேன். யமுனாவுக்கு அளவெடுத்து வெட்டினதுப்பாங்கறான். உலகமே ஒரு பக்கம் தோசை திருப்புது, இவன் பொண்டாட்டிக்கு மட்டும் தனி அளவு.

அன்னைக்கு ரத்தினம் அந்தத் திருப்பியை வாங்கிப் பாத்தா. திருப்பித் திருப்பிப் பாத்தா. பிடியை ஒரு தடவை கையில வெச்சுப் பிடிச்சுப் பாத்துட்டு, நல்லா செஞ்சிருக்கேடான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அவளுக்கும் பிடிக்கல போலன்னுதான் நான் நெனைச்சேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. காப்பி இன்னும் வரலையேன்னு நானே எந்திரிச்சு சமையக்கட்டுப் பக்கம் போனேன். யமுனா இல்ல. ரத்தினம் தனியா தோசை ஊத்திட்டிருக்கா. பாக்கறேன், கையில அந்தத் திருப்பி. பீச்சாங்கையில. சர்ருனு நுழைக்கறா, திருப்பறா, மடிக்கறா, அடுக்கறா. அப்படி ஒரு வேகத்தை அவகிட்ட நான் பாத்ததே இல்லீங்க தம்பி. வாய்க்குள்ள ஏதோ முனகிட்டு வேற இருக்கா, பாட்டாட்டம். நான் நின்னதைப் பாத்தா. சட்டுனு திருப்பியைக் கீழ வெச்சுட்டு முந்தானையில கையைத் துடைச்சா, என்னமோ கையில சேறு பட்ட மாதிரி.

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அறுபதைத் தொட்ட வயசுல ஒருத்தி புதுசா பீச்சாங்கைப் பழக்கம் பழகறா. மருமககிட்ட கத்துக்கிட்டியான்னு கேட்டேன். அடுப்பைத் தணிச்சா. ஆமாங்க, அவகிட்டதான் கத்துக்கிட்டேன்னா. ஒத்துக்கிட்டா பாருங்க, வாயாலயே. சேர்க்கை சரியில்லைன்னா எந்த வயசுலயும் கெட்டுப் போலாம். அன்னைக்குத் தோசை நல்லாத்தான் இருந்துச்சு, ஓரமெல்லாம் முறுகலா. அது வேற விசயம்.

போன ஆடியில பையனுக்கு ஒசூர்ல வேலை கெடைச்சு ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. விட்டது தொல்லைன்னு இருந்தேன். போறப்ப யமுனா அந்தத் திருப்பியை ரத்தினம் கையில குடுத்து, அத்தை, நீங்க வெச்சுக்குங்க, நான் இவரை வேற ஒண்ணு செஞ்சு தரச் சொல்லிக்கறேன்னா. ரத்தினம் அழுதா. பையனைப் பிரியறாள்ல, அழத்தான் செய்வா.

ஆவணியில எங்க கல்யாண நாளு வந்துச்சு. நான் யோசிச்சேன். இவளுக்கு இப்ப செஞ்சு குடுக்கற பரிசுதானே ஒசத்தியாத் தெரியுது, நாமளும் ஒண்ணு செய்வோம். நானும் கையால செஞ்சவன்தானுங்க தம்பி, நீங்க மட்டும் இல்ல. அவ கோயிலுக்குப் போயிருந்தப்ப அந்தத் திருப்பியை எடுத்துட்டு சாணை பிடிக்கறவன்கிட்டப் போனேன். முனையைச் சரியான பக்கம் சாச்சுத் தீட்டுப்பான்னேன். நல்ல தகடுங்க, கெடுக்கறீங்களேன்னான். உன் வேலையைப் பாருன்னேன். வீட்டுக்கு வந்து, பிசிரெல்லாம் போக நானே உப்புத்தாள் வெச்சுத் தேச்சேன். விரலெல்லாம் கன்னிப் போச்சு. பையன் போட்ட பிடி அப்படியே இருக்குது, முனை மட்டும் ஒழுங்காயிருச்சு. புதுசு போலவே பளபளன்னு இருந்துச்சு.

காலைல அவகிட்ட நீட்டினேன். இந்தா, உனக்கு என் கையால ஒண்ணு செஞ்சிருக்கேன், இனிமே நல்ல கையால தோசை சுடுன்னு. வாங்கினா. முனையைப் பாத்தா. கட்டை விரலால அந்த ஓரத்தைத் தடவிப் பாத்தா. நல்லா இருக்குதுங்கன்னா. அவ்வளவுதான். அன்னைக்கு ஊத்தின தோசை ஒண்ணொண்ணும் பிஞ்சு பிஞ்சு வந்துச்சு. பழகப் பழகச் சரியாப் போயிரும்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

புரட்டாசி பொறந்ததும் பையில நாலு சீலையை எடுத்து வெச்சுட்டா. ஒசூர் போயிட்டு வர்றேன்னா. எப்ப வருவேன்னேன். பாக்கலாங்கன்னா. வாட்சையும் எடுத்துக்கல, திருப்பியையும் எடுத்துக்கல. திருப்பி அங்கயேதான் ஆணியில தொங்குது. இப்ப அதை வெச்சு நான்தான் தோசை சுட்டுத் திங்கறேன். எனக்கு நல்லாத்தான் வேலை செய்யுது. தோசைதான் வாயில வெக்க முடியறதில்ல.

இப்ப மாசி. நடுவுல தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு. போன் பண்ணினா யமுனாதான் எடுப்பா. நல்லா இருக்காங்க மாமா, தூங்கறாங்க மாமா. நம்ம ஆளு எப்ப பாத்தாலும் தூங்கறாளாம். கரூர்ல இருந்தவரைக்கும் நான் அவ தூங்கிப் பாத்ததில்ல, எனக்கு முன்னாடி எந்திரிச்சு எனக்குப் பின்னாடி படுக்கறவ. போன வாரம் விடாம அடிச்சேன். கடைசியில அவளே எடுத்தா.

எப்ப வர்றேன்னு கேட்டேன். வீடு வீடாட்டம் இல்ல, வாசல் தெளிக்க ஆளில்ல, அக்கம் பக்கம் என்ன நெனைக்கும்னு கேட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன், சரியாச் சொல்லிட்டீங்கன்னா அடுத்த பஸ்ஸுக்கே வந்தர்றேன்னா. கேளுன்னேன். இத்தனை வருசமா நம்ம வாசல்ல கோலம் போடறனே, எந்தக் கையால போடறேன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. இது ஒரு கேள்வியா? சோத்தாங்கையாலதான், வேற எதாலன்னேன். சரிங்கன்னு சொல்லி வெச்சுட்டா. அப்புறம் எடுக்கவே இல்ல.

சரியாத்தானே சொன்னோம், ஏன் வரலைன்னு எனக்கு ஓடவே இல்ல. வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்து நெனைச்சுப் பாத்தேன். கோலம் ஞாபகம் இருக்குது. செம்மண் கட்டி, புள்ளி வெச்சு, மார்கழின்னா வீதி பாதிக்கு வரும், நான் ஓரமாத் தாண்டி ஆபீஸ் போவேன். ஆனா அவ போடறதை நான் பாத்ததே இல்லீங்க. காப்பி வந்தாத்தானே நான் எந்திரிப்பேன். அதுக்குள்ள கோலம் போட்டிருக்கும்.

சாட்சி இல்லாம நான் எதையும் பேசறவன் இல்ல. விடியக்காலைல வாசல்ல நின்னு பால்காரன் மாரப்பனை நிறுத்தினேன். எத்தனையோ வருசமா எங்க வீட்டுக்குப் பால் ஊத்தறவன். கோர்ட்டுல கேக்கற மாதிரியே கேட்டேன், நீ கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு மாரப்பா, அம்மா எந்தக் கையால கோலம் போடுவாங்க? அவன் யோசிக்கவே இல்ல. இடது கைதானுங்கய்யா, நம்ம வீதிக்கே தெரியுமுங்களே. ஒரே இழுப்பு, கையைத் தூக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்குள்ள தாழ்ப்பா சத்தம் கேட்டா மட்டும் பொடியைச் சோத்தாங்கைக்கு மாத்திக்குவாங்க. அப்புறம் கோடு கொஞ்சம் கோணலா வருமுங்க. இப்படிச் சொல்லிட்டுப் பாலை ஊத்திட்டுப் போயிட்டான்.

எப்படி இருக்குது கதை? வீதிக்கே தெரிஞ்சிருக்குது, பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது, வந்து ரெண்டு வருசம் இருந்த மருமகளுக்குத் தெரிஞ்சிருக்குது. தாலி கட்டினவனுக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருசம் என் இலையில மட்டும் ஒரு கை, மத்ததுக்கெல்லாம் ஒரு கை. இதுக்குப் பேரு என்னங்க? ஏமாத்து இல்லையா? மருமககிட்டக் கத்துக்கிட்டேன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னாளே, அது பொய் இல்லையா? மறைக்கற அளவுக்கு நான் அப்படி என்ன பண்ணிப்போட்டேன் அவளை?

என்ன பாக்கறீங்க? சொல்றதுன்னா சொல்லுங்க. சரி.

உங்க சம்சாரத்துக்கு எந்தக் கைப் பழக்கம்? சோத்தாங்கைங்கறீங்க. ஆனா பூட்டுத் திறக்கறது மட்டும் இடது கையா? சின்னதுல கதவு இடுக்குல மாட்டி விரல் ஒடிஞ்சுதா? அதனால அந்த நடுவிரல் சரியா மடங்காதா? மழை வந்தா வலிக்குமா? இத்தனையும் எப்படித் தெரியும் உங்களுக்கு, அவங்க வந்து சொன்னாங்களா? நீங்களாப் பாத்ததா. ஆபீஸ்ல வேலை கம்மி போலிருக்குது.

அது சூளகிரிதானே? வந்துருச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான். நான் கையில ஒண்ணும் கொண்டு போகல. எதுக்கு, பதிலைத்தான் கொண்டு போறேனே. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி சொல்லிப்போடுவேன், இடது கை. சொன்னா வர்றேன்னவ அவதான். வாக்குன்னா வாக்கு, வந்துதான் ஆகணும். சாயங்காலம் பஸ்ஸுக்கே ரெண்டு டிக்கெட் எடுத்துருவேன்.

ஒண்ணே ஒண்ணுதானுங்க தம்பி. சரிங்க, அதைச் சொல்லிட்டீங்க, இதையும் சொல்லுங்கன்னு அவ இன்னொண்ணு கேட்டுட்டான்னா? அதை நெனைச்சாத்தான் பயமா இருக்குது. சேலத்துல பஸ் ஏறினதுல இருந்து நானே எனக்குக் கேள்வி கேட்டுப் பாத்துட்டு வர்றேன். அன்னைக்குத் தோசை சுடறப்ப அவ முனகினது என்ன பாட்டு, அவளுக்கு எங்க வலிக்கும், நான் எடுத்துக் குடுத்த சீலையில எது அவளுக்குப் பிடிச்சுது. ஒண்ணுக்கும் வாயில பதில் வரமாட்டேங்குது. மாரப்பனைக் கேக்கலாம்னா அவனுக்கு வாசல் வரைக்கும்தான் தெரியும். வீட்டுக்குள்ள கூடவே இருந்தவன் நான் ஒருத்தன்தானுங்க.